அழகு மட்டும் போதுமா?

நந்தனத்தில் அண்ணா சாலையோரம் சற்று நேரம் நின்றால் உலகத்துக் கார்களில் பாதியைப் பார்த்துவிடலாம். ஜாகுவார் கார் ஒன்று கடந்து சென்றால், "அது இப்போது நம்முடையதாக்கும்!" என்று சொல்லிப் பெருமைப்படாதவர் இல்லை. 2008-ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் அதை லேண்ட் ரோவருடன் சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கியது உண்மையே. ஆனால் வாங்கியதோடு பெருமை நிறைவு பெற்றுவிடுமா? எங்கள் வகுப்பில் பலருக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜாகுவாரின் கதையைக் கேளுங்கள், தோழியரே. 1922-இல் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்ற இரு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டும் 'சைடுகார்' செய்யத் தொடங்கினர். பின்னர் கவென்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்து 1931-இல் எஸ்.எஸ்.1 என்ற காரைக் காட்சிக்கு வைத்தனர். விலை 310 பவுன். பார்வைக்கோ பல மடங்கு விலையுள்ளது போன்ற தோற்றம்! ஆனால் உள்ளே இருந்த எஞ்சின் அவர்களுடையதன்று. அதே ஊரைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியுடையது.

லயன்ஸ் அத்துடன் திருப்தியடைந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது விமானக் குண்டுவீச்சில் தீப்பிடிக்கிறதா என்று இரவில் காவலிருந்த வேளைகளில், தம் பொறியாளர்களோடு அமர்ந்து சொந்த எஞ்சினுக்குத் திட்டம் தீட்டினார். அது 1948-இல் எக்ஸ்.கே.120 காரில் வெளிவந்தது. 1951 முதல் 1957 வரை லே மான் பந்தயத்தில் ஜாகுவார் ஐந்து முறை வென்றதும் அந்த எஞ்சினால்தான்.

அதே 1948-இல் நம் சென்னையிலும் ஒரு கதை தொடங்கியது. அந்த ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து இங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவப்பட்டது. பெருங்களத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வான்கார்டு, டென், ஹெரால்ட் கார்கள் வந்தன. எங்கள் தாத்தா பாட்டிமார் ஹெரால்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள்! இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். குடும்பத்தோடு செல்லும் நமக்கு அது போதுமா? நம்மவர்கள் நான்கு கதவு வைத்துச் செய்தார்கள். 1972-இல் கெஸல் என்று அதைத் திருத்தியும் அமைத்தார்கள். ஆகவே திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பிறகு என்ன ஆயிற்று? 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. 'பாடி' என்கிறோமே, அது இங்கிலாந்தின் ரோவர் காருடையது, எடுப்பானது. உள்ளே இருந்ததோ 1940களின் வான்கார்டு எஞ்சின் வழி வந்தது! விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். அதற்குள் மாருதி வேறு வந்துவிட்டிருந்தது. 1988-இல் கார் உற்பத்தி நின்றது. அந்நாளில் எதற்கும் அரசின் லைசென்சு வேண்டியிருந்தது என்பார்கள் பெரியவர்கள். மறுக்கவில்லை. ஆனால் லயன்ஸுக்குப் போர்க்காலமே தடையாகவில்லையே!

இன்று ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாட்டாவின் ரூ.9,000 கோடித் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்கும் அங்கே இடமுண்டு. வேலை கிடைக்கும், நல்லதுதான். வரைபடம் அங்கிருந்து வர, நாம் திருகாணி முடுக்குவதோடு நின்றால் மீண்டும் பெருங்களத்தூர்க் கதையாகிவிடாதா? வரைபட மேசையிலும் நம்மவர்கள் அமர வேண்டும். அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். "பெண் பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதற்கு? கம்ப்யூட்டர் போதாதா?" என்று கேட்கும் பெற்றோருக்கு இதைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

சிஸ்டர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வண்டலூர் உயிரியல் பூங்காவைப் பலமுறை பார்த்தாகிவிட்டது. அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு ஒரு கார்த் தொழிற்சாலையைக் காட்டுங்கள். எஞ்சினைத் திறந்து காட்டச் சொல்லி நாங்களே கேட்டுக் கொள்கிறோம்.