இறங்கி நிற்க வேண்டிய சாலைகள்



வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணவும், விடுமுறையைக் கழிக்கவும் கடல் கடந்து செல்வோர் நம் சபைகளில் இப்போது குறைவல்லர். அயர்லாந்துக்குச் செல்கிறவர்களிடம் அந்நாட்டார் விரும்பிச் சொல்லும் ஆலோசனை ஒன்றுண்டு: மேற்குக் கரைக்குப் போங்கள், ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்து நாட்டுப்புறத்தைச் சுற்றிப் பாருங்கள் என்பார்கள். அது நல்ல ஆலோசனை. ஆனால் அதைப் பின்பற்றுகிறவர்கள் எதைக் கண்டு திரும்ப வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. அதையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

மிதிவண்டியின் மேன்மை அது மெதுவாகச் செல்லும் என்பதைவிட, எந்த இடத்திலும் அதிலிருந்து இறங்கி நிற்கலாம் என்பதிலேயே இருக்கிறது. பேருந்தில் செல்கிறவருக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். மிதிவண்டியில் செல்கிறவர் அந்த முடிவைத் தாமே எடுக்க வேண்டும். ஆகவே அவர் எங்கே இறங்கினார், எதைக் கடந்து போனார் என்பது அவருடைய பொறுப்பாகிறது.

மேயோ மாவட்டத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரிலிருந்து அக்கில் தீவின் வாசல் வரை 'கிரேட் வெஸ்டர்ன் கிரீன்வே' என்ற மிதிவண்டிப் பாதை செல்கிறது. நீளம் சுமார் 42 கிலோமீட்டர். வெஸ்ட்போர்ட்டிலிருந்து நியூபோர்ட்டுக்கு 11, அங்கிருந்து மல்ரேனிக்கு 18, பின்பு அக்கிலுக்கு 13 என்று மூன்று பகுதிகளாக அதைப் பிரித்துக்கொள்ளலாம். மோட்டார் வாகனத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஒருபுறம் தீவுகள் சிதறிக் கிடக்கும் கிளூ வளைகுடா; மறுபுறம் செம்மறியாடுகள் மேயும் மலைச்சரிவுகள். வளைகுடாவுக்கு அப்பால் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பாட்ரிக் மலை கூம்பு வடிவில் எழுந்து நிற்கிறது. பரிசுத்த பாட்ரிக் அங்கே நாற்பது நாள் உபவாசித்தார் என்பது மரபுச் செய்தி. ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானோர் அம்மலையில் ஏறுகின்றனர். சிலர் வெறுங்காலுடன் ஏறுகின்றனர். நியூபோர்ட்டுக்கு அருகில், 15ஆம் நூற்றாண்டில் டொமினிக்கன் துறவிகளுக்காகக் கட்டப்பட்ட புரிசூல் மடம் கூரையிழந்து நீரோரத்தில் நிற்கிறது. மனதுக்கு ஆறுதல் தரும் காட்சிகள் இவை. படைத்தவரைத் துதிக்காமல் இவற்றைக் கடப்பது கடினம்.

இந்தப் பாதையில் ஏற்றமும் இறக்கமும் மிகக் குறைவு. முதியோரும் சிறுவரும்கூட ஓட்டலாம். காரணம், இது முன்பு இருப்புப்பாதையாக இருந்தது. 1890களில் அமைக்கப்பட்ட அந்தத் தடம் 1937இல் மூடப்பட்டது. அதன் வரலாற்றை அக்கில் மக்கள் மறப்பதில்லை. அத்தீவின் ஏழைகள், பெரும்பாலும் இளைஞரும் இளம்பெண்களும், ஆண்டுதோறும் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அறுவடைக்குக் கூலிகளாகச் செல்வது வழக்கம். 1894 ஜூன் மாதம், கப்பலைப் பிடிப்பதற்காக அவர்களை ஏற்றிச் சென்ற படகு வெஸ்ட்போர்ட் துறைமுகத்துக்கு அருகில் கவிழ்ந்தது. 32 பேர் மூழ்கி இறந்தனர். அப்போது அக்கில் வரையிலான ரயில் முறைப்படி தொடங்கப்படவில்லை. இருந்தும் ஒரு ரயில் ஓடியது. அத்தீவுக்குச் சென்ற அந்த முதல் ரயில் அவர்களுடைய சடலங்களைச் சுமந்து சென்றது. 1937 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் கிர்க்கின்டில்லாக்கில் கூலியாட்கள் உறங்கிய கொட்டகையில் தீப்பிடித்து, அக்கிலைச் சேர்ந்த 10 இளைஞர்கள் மாண்டனர். ரயில் சேவை முடிவுக்கு வந்த அந்நாட்களில் அவர்களுடைய சவப்பெட்டிகளும் இதே தடத்தில் வந்து சேர்ந்தன.

நாம் இனிதாக மிதித்துச் செல்லும் பாதை அதுதான். இதை அறியாமல் அதில் செல்கிறவர் பாவம் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. அறிந்தவர் ஒருமுறையாவது இறங்கி நிற்க வேண்டும் என்று சொல்கிறேன்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். அப்பகுதியின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக அதன் தனிமையைப் புகழ்வார்கள். மைல் கணக்கில் வீடுகள் இல்லை, மனித அரவம் இல்லை, என்ன அமைதி என்பார்கள். அந்த அமைதி எங்கிருந்து வந்தது? 1841இல் மேயோ மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 3,89,000. பத்து ஆண்டுகளுக்குப் பின் அது சுமார் 2,74,000. இன்றோ ஏறத்தாழ 1,38,000 பேரே அங்கு வாழ்கின்றனர். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியதில் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அயர்லாந்து முழுவதும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அக்காலத்திலும் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. நாம் இயற்கை என்று வியக்கும் வெறுமையில் ஒரு பங்கு, இல்லாமற்போன மனிதர்களுடைய வெறுமை.

வெஸ்ட்போர்ட்டிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், குரோ பாட்ரிக் மலையடிவாரத்தில் முரிஸ்க் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே ஜான் பீஹன் என்ற சிற்பி வடித்த வெண்கலக் கப்பல் ஒன்று நிற்கிறது. அதன் பாய்மரக் கயிறுகளாக எலும்புக்கூடுகள் பிணைக்கப்பட்டுள்ளன. பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி, நடுக்கடலில் நோயால் இறந்தவர்களை அது நினைவூட்டுகிறது. நாட்டின் பஞ்ச நினைவுச் சின்னமாகிய அதை 1997இல் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் திறந்துவைத்தார். மலையேற வருகிறவர்களுக்கு அது சாலையின் மறுபுறத்திலேயே இருக்கிறது.

அங்கிருந்து மேலும் சென்றால் லூயிஸ்பர்க். அதற்குத் தெற்கே டூலாக் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் சாலையை அயர்லாந்தின் மிக அழகிய சாலைகளுள் ஒன்றென்று பலரும் கூறுவர். செங்குத்தான மலைகளுக்கு நடுவே கருநிற ஏரி ஒன்று நீண்டு கிடக்கிறது. 1849 மார்ச் மாத இறுதியில், லூயிஸ்பர்க்கில் நிவாரணம் நாடிக் காத்திருந்த ஏழைகள், தகுதியைப் பரிசோதிக்க வந்த அதிகாரிகளை மறுநாள் காலையில் டெல்ஃபி மாளிகையில் வந்து காணுமாறு கட்டளை பெற்றனர். ஏறக்குறைய 19 கிலோமீட்டர் தூரம். பட்டினியால் மெலிந்தவர்கள், ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், கடுங்குளிரில் நடந்தனர். அங்கே அவர்களுக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. வழியிலே பலர் விழுந்து மாண்டனர். சாலையோரத்தில் இன்று ஒரு கற்சிலுவை நிற்கிறது. சக மனிதரை இழிவுபடுத்துவதில் ஒருவன் எப்படிப் பெருமை காண முடியும் என்ற பொருளில் மகாத்மா காந்தி கேட்ட கேள்வி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

மோட்டார் காரில் அந்தத் தூரம் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம். மிதிவண்டியில், எதிர்க்காற்றும் மழையும் சேர்ந்தால், இரண்டு மணி நேரம் ஆகலாம். அப்போது வயிறு நிறைய உண்ட நமக்கே தொடைகள் நோகும். உண்ணாமல் நடந்தவர்களுக்கு அந்தத் தூரம் எத்தகையது என்பதைப் புத்தகம் நமக்குச் சொல்லலாம். உடலுக்கு உணர்த்துவதற்கு மிதிவண்டியே ஏற்றது. ஆகையால்தான் இத்தகைய இடங்களுக்கு அது தகுந்த வாகனம் என்கிறேன்.

பாதையின் முடிவில் அக்கில் தீவுக்கு வருவோம். அங்கே திருச்சபையாராகிய நாம் சற்றுக் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஸ்லீவ்மோர் மலையின் தென்சரிவில் கைவிடப்பட்ட கிராமம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ நூறு கல்வீடுகள் கூரையின்றி வரிசையாக நிற்கின்றன. அவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட்ட பாத்திகளின் வரிகள் இன்றும் புல்லுக்கடியில் தெரிகின்றன. மலையின் மறுபுறத்தில், டூகோர்ட்டில், அயர்லாந்துத் திருச்சபையின் குருவானவர் எட்வர்ட் நாங்கிள் 1830களில் ஒரு மிஷன் குடியிருப்பை அமைத்தார். பள்ளிகள், அநாதை இல்லம், அச்சகம் எல்லாம் அங்கே எழுந்தன. பஞ்ச காலத்தில் அந்த மிஷன் பலருக்கு உணவளித்தது. அதே வேளையில், பசித்தவர்களின் மதத்தை உணவுக்கு விலையாகக் கேட்டது என்ற கடுமையான குற்றச்சாட்டும் அதன்மேல் எழுந்தது. கஞ்சிக்காகச் சபை மாறியவர்கள் என்று கருதப்பட்டோரின் பிள்ளைகளைக்கூட அக்கம்பக்கத்தார் தலைமுறைகளாக இழிபெயரிட்டு அழைத்தனர். நாங்கிள் உயிர்களைக் காத்தாரா, பசியைப் பயன்படுத்திக்கொண்டாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர். இரண்டும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதே என் எண்ணம். அதனால்தான் அந்த இடம் என்னைக் கலங்கச் செய்கிறது.

இது நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1814இல் பிறந்த ராபர்ட் கால்டுவெல், 1841இல் நீண்ட தூரத்தைக் கால்நடையாகவே கடந்து இடையன்குடிக்கு வந்து சேர்ந்தவர். தமிழின் உறவுமொழிகளை ஆராய்ந்து 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்டவர். அவர் பேராயராகப் பொறுப்பேற்ற 1877ஆம் ஆண்டு, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டிய ஆண்டு. அந்நாட்களில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏளனச் சொல் நம் நாட்டிலும் வழங்கியது. நம்மில் பலருடைய குடும்பங்கள் அத்தகைய காலங்களில் சபைக்குள் வந்தவை. அவர்களுடைய விசுவாசத்தை ஏளனம் செய்வோருக்கு நான் உடன்படேன். பசியோடு வந்தவர்களும் உண்மையாகவே தேவனைக் கண்டடைந்தார்கள். ஆயினும் கொடுக்கிற கை எதையும் எதிர்பார்த்து நீளலாகாது என்பதை டூகோர்ட்டின் பழைய சுவர்கள் நமக்கு நினைவூட்டட்டும்.

விடுமுறைக்குப் போகிறவரைக் கல்லறை கல்லறையாக நடத்திச் செல்வது முறையா என்று சிலர் கேட்கலாம். ஓய்வும் மகிழ்ச்சியும் தேவன் அருளும் ஈவுகள்தாமே? ஐயமில்லை. மல்ரேனியில் அமர்ந்து தேநீர் அருந்துங்கள். அக்கிலின் கீம் கடற்கரையில் பிள்ளைகளோடு நீரில் இறங்கி விளையாடுங்கள். நான் மறுப்பது ஒன்றைத்தான்: காட்சியை மட்டும் தேவனுடைய கொடையாகப் பெற்றுக்கொண்டு, அக்காட்சிக்குள் வாழ்ந்து மடிந்தவர்களை அவருடைய பிள்ளைகளாக எண்ணாமல் விடுவது. பிறருடைய துயரத்தை வேடிக்கை பார்ப்பதும் எனக்கு உடன்பாடன்று. நினைவுச் சின்னத்தின் முன் சிரித்தபடி படமெடுப்பதைவிட, நில்லாமல் போவதே மேல்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சென்ற சாலையைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அனைவரும் அறிவோம். ஆசாரியனும் லேவியனும் சமாரியனும் ஒரே சாலையில்தான் சென்றனர். குற்றுயிராய்க் கிடந்தவனை மூவருமே கண்டனர். சமாரியனிடம் சவாரி மிருகம் ஒன்று இருந்ததையும் லூக்கா குறிப்பிடுகிறார். அடிபட்டவனை அவன் தன் மிருகத்தின்மேல் ஏற்றினான் என்றால், அதற்கு முன் தான் அதிலிருந்து இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? இரக்கம் அங்கே தொடங்கியது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. டூலாக்கில் விழுந்தவர்களை இனி நாம் தூக்கி நிறுத்த முடியாது. நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் தாமதமாக வருகிறோம். அங்கே நிற்பதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. நம்முடைய கண்கள் பழகுகின்றன என்பதே பயன். இறந்தவர்களுக்காக நிற்கப் பழகாதவர், உயிரோடிருப்பவர்களுக்காக நிற்பார் என்று நம்புவது எனக்குக் கடினம்.

ஆகவே அப்பாதையில் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, ஒரு நாளில் 42 கிலோமீட்டரையும் முடித்துவிட வேண்டுமென்று பந்தயம் வைக்காதீர்கள். இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, கல்லில் எழுதியிருப்பதை வாசித்து முடித்த பின்பே கைப்பேசியை எடுங்கள். மூன்றாவது, திரும்பி வந்து படங்களைக் காட்டும்போது, அந்த இடத்தின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அயர்லாந்துக்குச் செல்ல இயலாதவர்களே நம்மில் அதிகம். அவர்களுக்கும் இந்தச் செய்தி உரியதே. நீங்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் சாலையிலும், வெறுமையாகிவிட்ட ஒரு வீடோ, ஒருவரும் நின்று வாசிக்காத ஒரு கல்லோ இருக்கக்கூடும். இந்த வாரத்தில் ஒரு நாள் அங்கே இறங்கி, அங்கு வாழ்ந்தவர் யார் என்று அருகிலுள்ளவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்காகவும், அவர்களுடைய சந்ததியாருக்காகவும் ஜெபியுங்கள். கர்த்தர் நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.