விடைத்தாளே இல்லாத மறுமதிப்பீடு



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி, "நம்ம நாடு என்ன தர்மசத்திரமா சார்?" என்று போட்டிருந்தான். நிறையப் பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தீர்கள். அது 2025 மே 19 அன்று, ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது உச்ச நீதிமன்றம் கேட்ட கேள்வி. குழுவில் பதில் எழுதினால் சண்டையாகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அந்த மனிதர் விசாவில் வந்தவர். 2015-ல் கைதாகி, உபா சட்டத்தில் 10 ஆண்டு தண்டனை பெற்றார். சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் அதை 7 ஆண்டாகக் குறைத்து, தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போகச் சொன்னது. ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்றார் அவர். வேறு நாட்டுக்குப் போங்கள் என்று பதில் வந்தது.

குற்றத்துக்குத் தண்டனை கொடுத்தாயிற்று, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அங்கே நிஜமாகவே உயிராபத்து உண்டா என்பதை விசாரித்துச் சொன்னது யார்? அதற்கென்று ஓர் அதிகாரியோ ஒரு சட்டமோ நம் நாட்டில் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை.

பிளஸ் டூவில் மார்க் குறைந்தால் என்ன செய்வீர்கள்? விடைத்தாள் நகல் வாங்குவீர்கள், மறுமதிப்பீடு கேட்பீர்கள். பரீட்சையே வைக்காமல் "நீ ஃபெயில்" என்றால் எதைக் காட்டி மறுமதிப்பீடு கேட்பது? அகதி நிலை இங்கே அப்படித்தான் இருக்கிறது. உயிருரிமை தரும் 21-ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் பொருந்தும். ஆனால் நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை குடிமக்களுக்கே என்று 2021-ல் ரோஹிங்கியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விசாரணை உள்ள நாட்டிலும் தவறு நடக்கும். 1988 பிப்ரவரியில் பிரிட்டன் ஐந்து தமிழர்களின் கோரிக்கையை நிராகரித்து இலங்கைக்கு அனுப்பியது. அங்கிருந்தபடியே அவர்கள் செய்த மேல்முறையீட்டில், அவர்கள் பயந்தது நியாயமே என்று 1989-ல் முடிவாகி, திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதற்குள் சிலர் அங்கே பிடிபட்டு அடிபட்டிருந்தார்கள். மறுமதிப்பீடு விமானம் ஏற்றுவதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் பக்கமும் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் 1992-ல் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். அவர்கள் விரும்பித்தான் போகிறார்களா என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் சரிபார்க்கட்டும் என்று பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். ஆணையம் அந்தப் பணியில் இறங்கியது. உலக அமைப்பே கேட்பதால் நாங்கள் ஆராயத் தேவையில்லை என்றது நீதிமன்றம். அதாவது, யாரோ ஒருவர் கேட்டே ஆக வேண்டும் என்பது அன்றைக்கு நிலைத்தது.

போர்தான் முடிந்துவிட்டதே என்பீர்கள். 2025 மே மாதம், 70 வயதைக் கடந்த ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து விரும்பியே ஊர் திரும்பினார். பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் அவரைக் கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் முறையான ஆவணமின்றி நாட்டை விட்டுப் போனாராம்!

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் அது சலுகை, உரிமை ஆகாது. கொடுத்த கை நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

எல்லோரையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 'இல்லை' என்று சொல்லும் உரிமை நாட்டுக்கு உண்டு. சொல்வதற்கு முன் ஒருவர் கேட்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும், அது சரியா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

பரமத்தி முகாமிலிருந்து வந்த பிள்ளைகள் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். முகாமில் ஆள் சரிபார்ப்பு என்றால் அன்றைக்கு லீவு கேட்பார்கள், நானும் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அந்தத் தர்மசத்திரக் கேள்வியை இன்னொரு முறை வாசித்துப் பார் தம்பி. பிறகு உன் பதிலை எழுது. மார்க் போட மாட்டேன், கண்ணு.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்