அழுகை கம்மினால் கஷாயம் வேண்டாம்!

எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருதய ஆபரேஷனோ, செயற்கை சுவாசமோ முடிந்து அம்பத்தூர், ஆவடிக்குத் திரும்பும் குழந்தையின் அழுகை கம்மியிருந்தால், பாட்டிமார் உடனே சித்தரத்தையும் தேனும் உரசிவிடுகிறார்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், வேண்டாம். (ஒரு வயதுக்குள் தேன் எப்போதுமே கூடாது.) குரல் நாண் அசையாமல் நின்றிருக்கலாம். இடது நாணுக்குப் போகும் நரம்பு, இருதயத்தின் பெருந்தமனியை வளைத்துக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. ஆபரேஷனில் அது அடிபடுவதுண்டு. அப்போது புகட்டும் மருந்து, ஏன், பால்கூட நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

மூக்கு வழியே குழாய் விட்டுப் பார்ப்பதுதான் வழக்கமான சோதனை. இப்போது படுக்கையிலேயே, கழுத்தின்மேல் ஸ்கேன் கருவியை வைத்தும் பார்க்கிறார்கள். குழந்தையின் குரல்வளைக் குருத்தெலும்பு இளசு. படம் நன்றாகவே தெரியும். கதிர்வீச்சும் கிடையாது. தெளிவில்லை என்றால் குழாய்ச் சோதனை இருக்கவே இருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முன்பே கூச்சப்படாமல் கேளுங்கள்: "நாண் ரெண்டும் அசையுதா டாக்டர்?"