இரவின் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நிமிடம்?

இரவு வேலையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நிமிடம்? அவசரப்பட்டு அறுபது என்று சொல்லிவிடாதீர்கள். ஒன்றிய அரசின் பணியாளர் துறை 2020 ஜூலை 13 அன்று வெளியிட்ட ஆணையின்படி அது எழுபது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை செய்யும் வேலை இரவுப்பணி. அப்படிச் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 10 நிமிடம் கூடுதலாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 200 ஆல் வகுத்தால் வருவதுதான் அந்தக் கூடுதல் நேரத்துக்கான மணிக்கூலி. அடிப்படைச் சம்பளம் ரூ.43,600-க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு இந்தப் படி கிடையாது. மற்றவர்களுக்கு எட்டு மணி நேர இரவு என்றால் 80 நிமிடம் கூடுதல். மாதத்தில் பத்து இரவு விழித்தால் 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம்.

இது சலுகை அல்ல. இரவு விழிப்பது பகலில் விழிப்பதைவிட உடம்பை அதிகம் தின்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டதன் கணக்கு இது. அரசு ஊழியரின் உடம்புக்குப் பொருந்தும் இந்த உண்மை, வெள்ளகோவில் ஸ்பின்னிங் மில்லில் முழு நைட் பார்க்கும் பெண்ணின் உடம்புக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

தமிழ்நாட்டில் இரவெல்லாம் விழித்திருப்பதையே தொழிலாகக் கொண்ட இடம் காவலூர். ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த வானாய்வகம் 1960களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் தொடங்கியது. 1972 இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 இல் 2.3 மீட்டர் தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டு, ஆய்வகத்துக்கு வேணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 1977 இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை வெளிப்படுத்திய அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு.

வானாய்வகத்தின் இரவு தொலைநோக்கியில் கண் வைத்திருக்கும் ஒருவரால் மட்டும் நடப்பதல்ல. கூரையைத் திறக்க வேண்டும், கருவியைத் திருப்ப வேண்டும், ஜெனரேட்டர் ஓட வேண்டும். நள்ளிரவில் யாரோ டீ போட வேண்டும், யாரோ வாசலில் காவல் இருக்க வேண்டும். நம் அட்சரேகையில் டிசம்பர் மாதத்து இரவு, சூரியன் மறைந்து உதிக்கும்வரை ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் கூரையை மூடிவிட்டு மறுபடி காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பும் வேலைதான். மேகம் மறைத்த இரவுக்காக எந்த வானியலாளரின் சம்பளத்தையும் யாரும் பிடிப்பதில்லை. பிடிக்கவும் கூடாது.

இந்த நியாயத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நம்ம ஊர்த் தறிக்கூடத்துக்குள் வாருங்கள். விசைத்தறியில் கூலி மீட்டர் கணக்கு. கரண்ட் போனால் கூலி இல்லை. பாவு தீர்ந்து அடுத்த பாவு பிணைக்கும்வரை கூலி இல்லை. தறி பழுதாகி மெக்கானிக் வரும்வரை கூலி இல்லை. ஆனால் அந்த நேரமெல்லாம் தறிக்காரர் அங்கேயேதான் நிற்கிறார், தூங்கவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. வானத்து மேகத்துக்குக் காத்திருப்பது பணி நேரம். மின்வாரியத்துக்குக் காத்திருப்பது தொழிலாளியின் சொந்த நஷ்டம்.

திருப்பூர் மாவட்டத்தில் 'ஒன்றரை ஷிப்ட்' என்ற சொல்லை அறியாதவர் கிடையாது. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத் திரும்புவது. பன்னிரண்டு மணி நேரம் என்று சொன்னால் சட்டம் நினைவுக்கு வந்துவிடும். ஒன்றரை ஷிப்ட் என்றால் ஏதோ தையல் அளவு போலக் காதில் விழுகிறது. சுரண்டலுக்கு ஒரு பெயர் வைத்து அதைப் பழக்கமாக்கிவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை. சாதியும் அப்படித்தானே பழக்கமானது?

இந்த இரவுகளில் யார் நிற்கிறார்கள்? மில் ஹாஸ்டல்களில் தங்கவைக்கப்பட்ட இளம்பெண்களில் கணிசமானோர் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த தலித் குடும்பத்துப் பெண்கள் என்பதைச் சுமங்கலித் திட்டம், கேம்ப் கூலி பற்றிய கள ஆய்வுகள் தொடர்ந்து பதிவு செய்திருக்கின்றன. இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். விடியும் முன்பே தெரு கூட்ட வருகிறவர்கள் யார் என்று சொல்ல ஆய்வே தேவையில்லை. கொங்கு நாட்டில் தூய்மைப் பணியாளர்களில் பெரும்பகுதி அருந்ததியர் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பகலில் ஊருக்கும் காலனிக்கும் இடையே உள்ள கோடு இரவிலும் அழிவதில்லை. யார் தூங்கலாம், யார் விழித்திருக்க வேண்டும் என்று பிரிக்கும் கோடாக அது மாறிவிடுகிறது.

"நாங்களும் ராப்பகலா உழைச்சுத்தான் மேலே வந்தோம்" என்பது கொங்கு முதலாளிகள் வழக்கமாகச் சொல்வது. திருப்பூர் பின்னலாடைத் தொழிலை ஆராய்ந்த ஷரத் சாரி 2004 இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லையே கேள்விக்கு உட்படுத்தினார். கவுண்டர் சமூகத்துத் தொழிலாளர்கள் பலர் உண்மையிலேயே உழைத்துத்தான் முதலாளி ஆனார்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு முதலாக மாறியதற்குச் சொந்தச் சாதியின் கடன், நம்பிக்கை, உறவு வலைப்பின்னல் ஆகியவை பின்னால் நின்றன. அதே தறியில் அதே இரவு விழித்த தலித் தொழிலாளிக்குப் பின்னால் அப்படி நிற்க யாரும் இல்லை. ஒருவரின் இரவு மூலதனமாகிறது, இன்னொருவரின் இரவு வட்டிக்குக் கழிகிறது. இதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்றால் அது பச்சைப் பொய்.

இந்த ஏற்றத்தாழ்வுக்குச் சட்ட வரலாறும் உண்டு. 1919 இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது. அதே உடன்படிக்கை இந்தியத் தொழிலாளிக்கு மட்டும் வாரம் 60 மணி என்று தனி விதி எழுதியது. காலனியாட்சியின் பார்வையில் நம் உடம்பு மலிவு. 1934 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அது 54 ஆகக் குறைந்தது. 1946 இல் வந்த திருத்தத்தால் 48 ஆனது. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து அந்த மாற்றத்துக்கு வழி வகுத்தவர் அண்ணல் அம்பேத்கர். எட்டு மணி நேரம் கேட்பது சாதி ஒழிப்புக்கு வெளியே உள்ள கோரிக்கை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

அம்பேத்கருக்கு ஆலைகளின் உள்ளேயிருந்த சாதியும் தெரியும். அன்றைய பம்பாய் மில்களில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாதோருக்கு இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால் 'தீட்டு' என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். வேலை நேரம் குறைந்தால் போதும், வேலைக்குள் இருக்கும் சாதி தானாக ஒழியும் என்ற மயக்கம் அவருக்கு இருந்ததில்லை. நமக்கும் வேண்டாம்.

இன்னொரு கதை சொல்கிறேன். அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகம் கட்டப்பட்டபோது மலைக்குச் சாமான் ஏற்ற கோவேறு கழுதைகளை ஓட்டியவர் மில்டன் ஹியூமேசன். பதினான்கு வயதோடு படிப்பை விட்டவர். 1917 இல் அங்கே துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். இரவு உதவியாளர் ஆனார். 1919 இல் இயக்குநர் ஹேல் அவரை ஆய்வாளர்களில் ஒருவராக நியமித்தார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று நிறுவ ஹபிளுக்கு உதவிய அளவீடுகளில் பெரும்பகுதி ஹியூமேசன் எடுத்தவை. ஆய்வகத்துப் பொறியாளரின் மகளைத்தான் அவர் திருமணமும் செய்துகொண்டார். வெறும் காதல் திருமணத்துக்காக 2016 இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட வட்டாரத்திலிருந்து இந்த வரியைப் படிக்கும்போது மனசு கனக்கிறது.

அமெரிக்கா சமத்துவ பூமி என்று சொல்லவில்லை. அங்கே கறுப்பின மக்களுக்கு அந்த ஏணி கிடைத்ததா என்று கேட்டாலே பதில் தெரிந்துவிடும். நான் சொல்ல வருவது ஏணியைப் பற்றி. இங்கே அரசு நிறுவனங்களின் நான்காம் பிரிவு வேலைதான் பல தலித், பழங்குடிக் குடும்பங்களின் முதல் படிக்கட்டாக இருந்தது. காவலாளியின் மகள் கிளார்க் ஆனாள், பேத்தி ஆய்வுப் படிப்புக்கு வந்தாள். இன்று காவல், சமையல், துப்புரவு, வாகனம் என்று பலவும் ஒப்பந்தக்காரர் கையில். ஒப்பந்தக்காரருக்கு இடஒதுக்கீடு கிடையாது. அவர் அனுப்பும் ஆளுக்கு அந்த எழுபது நிமிட மணியும் கிடையாது. ஒரே வளாகத்தில், ஒரே இரவில், நிரந்தர ஊழியருக்கு ஒரு கடிகாரம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு இன்னொரு கடிகாரம். ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2001 இல் சொல்லிவிட்டது. ஏணியின் கடைசிப் படியை எடுத்துவிட்டு "திறமை இருந்தால் மேலே வா" என்பதற்குப் பெயர் தகுதி அல்ல.

இருக்கிற பாதுகாப்பும் கரைகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. சமூக நீதி பேசும் ஆட்சியில்தான் இது நடந்தது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். போராடினால் நடக்கும் என்பதற்கு இது சாட்சி. அடுத்து 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது 20 ஆனது. ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்புக்கான வரம்பு 20 பேரிலிருந்து 50 ஆனது. வேலை நாள் எட்டு மணி என்று எழுதியிருக்கிறது. ஆனால் இடைவேளையோடு சேர்த்து ஒருவரை எவ்வளவு நேரம் வளாகத்தில் வைத்திருக்கலாம் என்பதை அரசின் அறிவிப்புக்கு விட்டுவிட்டது. பெண்களை இரவில் வேலைக்கு அழைக்க அவர்களின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஹாஸ்டல் வாசல் சாவி வார்டனிடம் இருக்கும்போது சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்?

"அவங்களே ஓ.டி. கேட்கறாங்க, நாங்க என்ன செய்யறது" என்பார்கள். கேட்கிறார்கள், உண்மைதான். எட்டு மணி நேரக் கூலியில் வீட்டு வாடகையும் குழந்தையின் பீஸும் கட்ட முடிந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. ஓ.டி.க்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் சொல்கிறது, பழையதும் புதியதும். அதைக் கொடுத்துவிட்டு இந்த வாதத்தைப் பேசட்டும். இரவு ஷிப்ட் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007 இல் வகைப்படுத்தியது, 2019 இல் அதை உறுதி செய்தது. பசிக்காகக் கேட்பதால் நஞ்சு மருந்தாகிவிடாது.

என்ன கேட்க வேண்டும்? முதலில், ஷிப்ட் நேரம் எழுத்தில், தொழிலாளி படிக்கும் மொழியில், வாசலில் தொங்க வேண்டும். தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும். இரண்டாவது, இரவு 10 முதல் காலை 6 வரை எழுபது நிமிட மணி எல்லோருக்கும் வேண்டும், மில்லிலும் தறியிலும் ஒப்பந்தக் காவலாளிக்கும். மூன்றாவது, காத்திருக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். நான்காவது, அரசு நிறுவனங்களின் ஒப்பந்தப் பணிகளில் இடஒதுக்கீடு. ஐந்தாவது, இரவு ஷிப்ட் முடிந்தால் வீட்டு வாசல்வரை வண்டி.

நடக்காத காரியம் என்பவர்களுக்குத் திண்டுக்கல்லைச் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 இல் ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு பிராண்டும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வந்தது. அதைச் சாதித்தவர்கள், இந்த ஊர் யாரை வாய் திறக்காதவர்கள் என்று நினைத்ததோ அந்தப் பெண்கள்.

இதைப் படிக்கும் தோழர்களில் பலர் செல்போன் வெளிச்சத்தில் நள்ளிரவில் படிப்பீர்கள். நாம் விரும்பி விழித்திருக்கிறோம். இதே நேரத்தில் வெள்ளகோவிலில் ஓர் அக்கா நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டே ஸ்பின்னிங் பிரேம் ஓரமாக நடந்துகொண்டிருக்கிறார். அவருடைய அந்த ஒரு மணி நேரத்துக்கும் எழுபது நிமிடம்தான். மீதிப் பத்து நிமிடத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்குக் கேட்போம்.