காப்பாளர் போட்ட கையெழுத்து

ஒரு மருந்தையோ தடுப்பூசியையோ மனிதர்களிடம் சோதிப்பதற்கு முன்பு, யாருக்கு, எந்த அளவில், எத்தனை முறை, யாருடைய ஒப்புதலோடு கொடுப்பது என்று எழுதி முன்அனுமதி பெற வேண்டும். இதுதான் ஆய்வுத் திட்டம். அனுமதி பெற்ற திட்டத்திலிருந்து விலகி நடப்பது விதிமீறல். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் அது விலகல்தான். பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைக்கு ஊசி போட்டாலும் விலகல்தான். முன்னது சிறு தவறு. பின்னது உரிமைப் பறிப்பு. இந்த வேறுபாட்டை மழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

2009ஆம் ஆண்டு. அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயது வரையிலான சுமார் 24 ஆயிரம் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கியது. நடத்தியது அமெரிக்காவைச் சேர்ந்த 'பாத்' என்ற தொண்டு நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசுகளும் துணை நின்றன. கம்மத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி, தலித் குழந்தைகள்.

ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு, மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றது. ஊரில் பலருக்கு விவகாரம் அத்தோடு முடிந்துவிட்டது. 'ஊசியால் சாகவில்லை, அப்புறம் என்ன?' என்றார்கள்.

அப்புறம் இருந்ததுதான் முக்கியம். நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் தந்த அறிக்கை ஒப்புதல் படிவங்களின் கணக்கை வெளியே கொண்டுவந்தது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948 படிவங்களில் கைநாட்டு. அதாவது நூற்றுக்கு 29 குழந்தைகளுக்கு, பெற்றோர் இருக்க வேண்டிய இடத்தில் காப்பாளர் இருந்தார்.

இதைச் சிறு விலகல் என்று சொல்லலாமா? காப்பாளர் அரசு ஊழியர். மேலிடம் சொன்னால் செய்ய வேண்டியவர். அவர் பேச்சை மீறும் துணிவு விடுதிப் பிள்ளைக்கு ஏது? படுக்கையும் சோறும் படிப்பும் அந்த விடுதியில்தான் இருக்கின்றன. பெற்றோரோ எங்கோ காட்டிலோ கூலி வேலையிலோ இருக்கிறார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் பெற்றோரைக் கேட்காமல் 2,763 பேருக்கு ஊசி போட்டிருக்க முடியுமா? இங்கே முடிந்தது. எளிதாக முடியும் என்பதாலேயே நடந்தது.

நடத்தியவர்கள் இதைச் 'செயல்விளக்கத் திட்டம்' என்றார்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற தடுப்பூசி, எனவே மருந்துப் பரிசோதனை விதிகள் இதற்குப் பொருந்தாது என்பது வாதம். நிலைக்குழு இதை ஏற்கவில்லை. பெயரை மாற்றினால் பொறுப்பு குறைந்துவிடாது.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. எடுக்கலாம் என்று 2018 மே 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்த அறிக்கை செல்லுமா செல்லாதா என்று வழக்காட முடியாது என்றும் சொன்னது. ஏழைகளின் வழக்கில் அரசுக் கோப்பு கைக்கு வருவது அரிது. அந்த வகையில் இது பயனுள்ள தீர்ப்பு.

இன்று சட்டம் என்ன சொல்கிறது? 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி, அறநெறிக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் திட்டத்தை விட்டு விலக மாட்டேன் என்று ஆய்வு மருத்துவர் உறுதிமொழி தர வேண்டும். பங்கேற்பவருக்கு வரவிருக்கும் உடனடி ஆபத்தைத் தடுப்பதற்கும், வெறும் நிர்வாக மாற்றங்களுக்கும் மட்டுமே விலக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், விளக்கம் சொல்லும் நேரம் முழுவதும் நடுநிலையான சாட்சி உடன் இருக்க வேண்டும். கடுமையான பாதிப்பு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

விதி நல்ல விதிதான். ஆனால் விலகலை முதலில் பதிவு செய்ய வேண்டியவர் விலகியவரே. அதைப் பார்த்து முடிவு சொல்லும் அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர். ஒரு பெண், ஒரு சட்டம் அறிந்தவர், ஒரு சாமானியர் இருக்க வேண்டும்; பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். ஆனால், தலித் அல்லது பழங்குடி ஒருவர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாருடைய உடம்பு சோதிக்கப்படுகிறதோ அவர்கள் தரப்பில் பேச ஆள் இல்லாத குழு, காப்பாளர் கையெழுத்தைப் 'படிவக் குறை' என்று எழுதி மூடிவிடுவது சுலபம்.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒப்புதலில் நேரும் விலகலை எப்போதும் பெருங்குற்றமாகவே வகைப்படுத்த வேண்டும். யாரும் சாகவில்லை என்பது சமாதானம் ஆகாது. நலவிடுதிப் பிள்ளைகள் பங்கேற்கும் ஆய்வில் காப்பாளருக்கோ தலைமையாசிரியருக்கோ கையெழுத்து அதிகாரம் கிடையாது என்று வெளிப்படையாக ஆணையிட வேண்டும். அந்தச் சமூகத்தவர் ஒருவராவது அறநெறிக் குழுவில் அமர வேண்டும்.

இதையெல்லாம் படித்துத் தடுப்பூசிக்கே அஞ்ச வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க உலகின் பல நாடுகளில் பயன்படும் ஊசி அது. நம் சண்டை ஊசியோடு அல்ல, கேட்காமல் குத்தியதோடு. விடுதியில் படிக்கும் தம்பி, தங்கைகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆய்வு என்று யாராவது வந்தால், படிவத்தின் நகலைக் கேளுங்கள், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று அம்மா அப்பாவிடம் காட்டும்வரை நேரம் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்வதற்கும், பாதியில் விலகிக்கொள்வதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக உங்கள் சிகிச்சையையோ விடுதி இடத்தையோ யாரும் பறிக்க முடியாது.