குறை கேட்கக் காதில்லாத கம்பெனிகள்

பெங்களூரிலிருந்து கோலாருக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது நரசாபுரா. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், சனிக்கிழமை. அங்குள்ள விஸ்ட்ரான் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடிந்த தொழிலாளர்கள் அன்று விடிகாலையில் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்டுக் குமுறினார்கள். சற்று நேரத்தில் கண்ணாடிகள் நொறுங்கின, வாகனங்கள் கவிழ்ந்தன, தீயும் வைக்கப்பட்டது. ஆப்பிள் கம்பெனிக்கு ஐபோன் செய்து கொடுத்த தைவான் நாட்டுக் கம்பெனி அது. அந்தக் காட்சிகள் உலகம் முழுவதும் ஓடின. நூற்றைம்பது பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள்.

கண்ணாடி உடைத்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. உடைந்த கண்ணாடியை மாற்றக் கம்பெனிக்கு ஒரு வாரம் போதும். வழக்கில் பெயர் ஏறிய பிள்ளைக்கோ அடுத்த வேலைக்குப் போகும் வாசல்தோறும் அந்தப் பெயர் முன்னால் போய் நிற்கும். பெற்ற தாய் தந்தையர் கோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் அலைய நேரும். ஆகவே கோபத்துக்குக் கல் எடுப்பது நம் வழியல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால், கல் எடுத்தது யார் என்று கேட்டவர்கள், அந்தக் கல் எடுக்கும் நிலை எப்படி வந்தது என்று கேட்டார்களா?

கேட்டவர்கள் சிலர் உண்டு. மாநிலத் தொழிற்சாலைகள் துறை அதிகாரிகள் ஆய்வு செய்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். கொஞ்ச காலத்துக்குள் தொழிலாளர் எண்ணிக்கை ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரத்தைத் தாண்டியது. அதற்கு ஈடு கொடுக்கும்படி, தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்களைக் கொண்ட பணியாளர் பிரிவு அங்கே அமைக்கப்படவில்லை என்றது அது. அக்டோபர் மாதத்தில் எட்டு மணி நேர ஷிப்டு பன்னிரண்டு மணி நேரமாகியது. வருகையைப் பதியும் கருவி முறை கோளாறானது. அது சரி செய்யப்படாமலே கிடந்தது. உழைத்த நாளுக்கும் வந்த சம்பளத்துக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் கம்பெனியின் நேரடித் தொழிலாளர்கள் அல்லர். பல காண்ட்ராக்ட் நிறுவனங்கள் வழியாக வந்தவர்கள். இருபத்தோராயிரம் ரூபாய் என்று சொல்லிச் சேர்த்த என்ஜினீயரிங் பட்டதாரிகளுக்குப் பதினாறாயிரம், பிறகு பன்னிரண்டாயிரம் என்று கைக்கு வந்ததாக அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின.

டிசம்பர் 19 அன்று விஸ்ட்ரான் தானே மன்னிப்புக் கேட்டது. சில தொழிலாளர்களுக்குச் சம்பளம் சரியாகவும் உரிய காலத்திலும் போய்ச் சேரவில்லை என்று ஒப்புக்கொண்டது. இந்தியத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்த உயர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கியது. தவறுகள் சரியாகும் வரை புதிய ஆர்டர் தரமாட்டோம் என்று ஆப்பிள் அறிவித்தது. ஆக, தொழிலாளி கேட்ட கேள்வி நியாயமானதுதான் என்று ஏழே நாளில் கம்பெனியே சொல்லிவிட்டது. அந்த ஏழு நாளுக்கு முன்னால் இரண்டு மாதம் இருந்ததே, அப்போது ஏன் சொல்லவில்லை? நமது வினா இதுதான்.

நிர்வாகக் கல்லூரிகளில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: பண்பாட்டு மோதல். வெளிநாட்டு மானேஜர் வேகம் கேட்பார், உள்ளூர்த் தொழிலாளிக்கு அந்த வேகம் பழக்கமில்லை, அவர் மொழி இவருக்குப் புரியாது, இவர் பழக்கம் அவருக்குப் புரியாது, அதனால் உரசல் என்பது அவர்கள் பாடம். இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் சம்பளத்தில் நாலாயிரம் குறைந்தால் அது எந்தப் பண்பாட்டில் சரி? தைவானில் சரியா? அமெரிக்காவில் சரியா? வயிற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

உண்மையான கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கம்பெனி கடல் கடந்து வரும்போது இயந்திரத்தைக் கொண்டுவருகிறது. கணக்கு முறையைக் கொண்டுவருகிறது. ஒரு நாளைக்கு எத்தனை போன் என்ற இலக்கைக் கொண்டுவருகிறது. குறை கேட்கும் காதை மட்டும் கொண்டுவருவதில்லை. கலிபோர்னியாவில் இருப்பவருக்குப் போன் வேண்டும். தைவானில் இருப்பவருக்கு ஆர்டர் வேண்டும். காண்ட்ராக்டருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வேண்டும். சூப்பர்வைசருக்கு அன்றைய எண்ணிக்கை வேண்டும். மேலிருந்து கீழே உத்தரவு வர ஐந்து படி இருக்கிறது. கீழிருந்து மேலே குறை போக ஒரு படிகூட இல்லை. சூப்பர்வைசரைக் கேட்டால் காண்ட்ராக்டரிடம் போ என்பார். காண்ட்ராக்டரைக் கேட்டால் கம்பெனி இன்னும் பணம் கொடுக்கவில்லை என்பார். கம்பெனியைக் கேட்டால் நீ எங்கள் ஆளே இல்லையே என்பார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கலவரம் நடந்ததும் போலீசில் கொடுத்த புகாரில் நஷ்டம் 437 கோடி ரூபாய் என்று எழுதப்பட்டது. தைவான் பங்குச் சந்தைக்குக் கம்பெனி கொடுத்த கணக்கிலோ அது நம் பணத்துக்கு ஏறத்தாழ 26 கோடியிலிருந்து 52 கோடி வரை என்று இறங்கிவிட்டது. பங்கு வாங்கியவரிடம் பேசும்போது கணக்கைக் குறைத்துக் கவனமாகச் சொல்கிறார்கள். ஏனென்றால் அங்கே கேள்வி கேட்க ஆள் உண்டு, சட்டம் உண்டு. கேள்வி கேட்க அமைப்பு இருக்கும் இடத்தில் எந்தக் கம்பெனிக்கும் ஒழுங்கு தானாக வரும். இல்லாத இடத்தில் வராது. இதுதான் நாம் இந்த நிகழ்ச்சியிலிருந்து படித்துக்கொள்ள வேண்டிய பாடம்.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டுமல்ல. சரியாக ஓராண்டு கழித்து, 2021 டிசம்பரில், நமது சொந்த மாநிலத்தில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயில் விழுந்தார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது மற்றப் பெண்களுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கல்லைத் தொடவில்லை; சாலையில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகுதான் விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அங்கும் உழைப்பாளியின் குரல் கலிபோர்னியா போய்ச் சேர நெடுஞ்சாலை மறிபட வேண்டியிருந்தது.

2024-இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கோரிக்கைகளில் முதன்மையானது, எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதே. சங்கத்தின் பெயரில் சாம்சங் என்ற சொல் வரக்கூடாது என்றது நிர்வாகம். பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஒன்று தைவான், மற்றொன்று கொரியா. நாடு மாறினாலும் நோய் ஒன்றே.

பழைய கதை ஒன்றும் நமக்கு உண்டு. நரசாபுரா இருக்கும் அதே கோலார் மாவட்டத்தில்தான் தங்கவயல் இருக்கிறது. லண்டனிலிருந்து வந்த ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் அங்கே சுரங்கம் தோண்டியபோது, காண்ட்ராக்டர்கள் மூலம் வட ஆற்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் போனவர்கள் நம் முன்னோர்கள். 1930-இல் தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் கட்டளை போட்டது. எங்களைக் குற்றவாளிகள்போல் நடத்துவதா என்று ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்து நின்றார்கள். அன்று கைரேகை, நரசாபுராவில் கோளாறான வருகைக் கருவி. உழைப்பவனை எண்ணாகப் பதிய வேண்டும், மனிதனாகப் பேசவிடக்கூடாது என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள்தாம் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள்; இத்தகைய புதிய ஆலைகளின் வாசலிலும் வரிசையில் நிற்கிறார்கள்.

நியாயமாகப் பேசுவதானால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். வெளிநாட்டுக் கம்பெனியே வேண்டாம் என்பது நம் கட்சியல்ல. வேலை வேண்டும், அதிலும் நம் பெண்பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் வேண்டும். அடுத்து, காதில்லாமை வெளிநாட்டானின் குணம் மட்டும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். நரசாபுராவில் ஆளைச் சேர்த்துவிட்ட காண்ட்ராக்டர்கள் பலர் நம் நாட்டில் தொழில் நடத்துபவர்கள்தாம். பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சட்டத்தில் கதவு திறந்தது நம் அரசுதான்: 2023 பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம் அதற்கான திருத்தத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாகக் குரல் கொடுத்ததால் மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. குரல் ஒன்றானால் சட்டமும் திரும்பும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே 2023 அக்டோபரில் நரசாபுரா ஆலையை டாட்டா நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது. முதலாளி நம் நாட்டவர் ஆகிவிட்டதால் எல்லாம் தீர்ந்தது என்று நாம் உறங்கிவிட முடியாது. முதலாளியின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதல்ல கேள்வி. தொழிலாளியின் குறையைக் கேட்க அங்கே ஓர் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்த இடம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. இருபது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும், அதில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சரிசமமாக இருக்க வேண்டும் என்ற விதி 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே வந்துவிட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது இருக்கிறது. அந்தத் தொகுப்புகளில் உழைப்பவருக்குப் பாதகமான பகுதிகளை எதிர்ப்பது வேறு. சாதகமாக உள்ளதைப் பிடித்துக்கொள்வது வேறு. மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரவேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும். வேலை நியமனக் கடிதம் எழுத்தில் தரவேண்டும். காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கத் தவறினால் ஆலை முதலாளியே கொடுக்க வேண்டும். இது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ‘நீ எங்கள் ஆளே இல்லை’ என்று சொல்லும் கம்பெனிக்கு இதுவே பதில்.

இன்று தேவனஹள்ளியில் பாக்ஸ்கான் ஆலை ஓடுகிறது. ஓசூர்ப் பக்கம் டாட்டா ஆலை ஓடுகிறது. ஊரிலிருந்து நம் பெண்கள் பெட்டியோடு வந்து விடுதிகளில் இறங்குகிறார்கள். அவர்களை வழியனுப்பும் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான்: நியமனக் கடிதம் இல்லாமல் பிள்ளையை வேலைக்கு அனுப்பாதீர்கள். அதில் கம்பெனி பெயர் இருக்கிறதா, காண்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். சொன்ன சம்பளம் எது, பிடித்தம் போகக் கைக்கு வருவது எது என்று சேரும் முன்பே கேளுங்கள். வந்த நேரம், போன நேரம், ஓவர்டைம் மூன்றையும் ஒரு நோட்டில் நாள்தோறும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கம்பெனியின் கருவி கோளாறாகலாம். நம் நோட்டுக் கோளாறாகாது. குறைதீர்க்கும் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் மாதத்திலேயே கேட்கச் சொல்லுங்கள். அப்படி ஒரு குழு இல்லை என்றால், எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஒருவராகக் கேட்காமல் பத்துப் பேராகக் கேட்கச் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. ஆலைக்குள் பக்கத்து மேசையில் நிற்பவர் கன்னடத்துப் பிள்ளையாக இருப்பார். ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். அவருக்கும் அதே ஷிப்டு, அதே காண்ட்ராக்டர், அதே குறைந்த சம்பளம். வாழ வந்த மண்ணின் மொழியைக் கற்றுக்கொள்வது நம் கடமை மட்டுமல்ல, நம் பாதுகாப்பும் கூட. தமிழன் தனியாகவும் கன்னடத்தான் தனியாகவும் முணுமுணுத்தால் சூப்பர்வைசருக்குக்கூடக் கேட்காது. இருவரும் ஒரே சங்கத்தில் உட்கார்ந்து, ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கேட்டால் அது தைவானுக்கும் கேட்கும், கலிபோர்னியாவுக்கும் கேட்கும்.

கம்பெனிகள் காதைக் கொண்டுவரமாட்டா. நாம்தான் அதை அங்கே பொருத்தியாக வேண்டும். கல்லால் அல்ல, சங்கத்தால்.