ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் சரி, ஏரிக்குள் உங்களுக்கு என்ன வேலை?

பதிவு கொஞ்சம் நீளம். விரலால் தள்ளிவிடாமல் உட்கார்ந்து படியுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஓடுகிற பேச்சைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து ஜீப்புகள் சேர்ந்து தண்ணீர் வற்றிய ஏரிக்குள் இறங்கி ஓட்டிப் பார்ப்பதாம். அடுத்த மாதம் அஞ்செட்டி வழியாகக் காவிரிக் கரைக்குப் போவதாம். "வண்டிக்கு என்னென்ன இருக்கணும்?" என்று ஒரு தம்பி கேட்டதும் பட்டியல் வந்து விழுகிறது. ஃபோர் வீல் டிரைவ், மண் டயர், ஸ்னார்க்கல், வின்ச், இழுவைக் கயிறு, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. கடைசியில் ஒருவர், "இதெல்லாம் இருந்தா லீகல்தான் மச்சி" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு.

உங்களில் பாதிப்பேர் சிப்காட்டில் வண்டி செய்கிறவர்கள். டயரைப் பற்றியும் டார்க்கைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லித்தர இந்த இடைநிலை ஆசிரியனால் முடியாது. ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். எல்லாமே வண்டி சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கும் உள்ளே இருப்பவர் பத்திரமாக வெளியே வருவதற்கும். ஏரிக்கு என்ன ஆகும் என்று கேட்கிற ஒரு வரிகூட அதில் இல்லை.

சட்டம் பேசுகிறீர்கள், அதையும் பேசுவோம். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022 நவம்பரில், சுமார் 686 சதுர கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக் காடும் இதில் வருகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, சரணாலயம் வழியாகப் போகும் பொது நெடுஞ்சாலையில் நீங்கள் கடந்து போகலாம். அந்தச் சாலையை விட்டு இறங்கி உள்ளே போக வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஆர்.சி. புத்தகம் அந்தச் சீட்டு ஆகாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியைக் கைப்பற்றி, குற்றம் நிரூபணமானால் அது அரசுக்குச் சொந்தம். இ.எம்.ஐ. மட்டும் உங்களுக்குச் சொந்தமாக இருக்கும்.

வண்டி விஷயத்திலும் அந்தப் பட்டியல் தேறாது. உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரத்தை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. முன்னால் பூட்டுகிற இரும்புக் கம்பி (புல் பார்) கூடாதென்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. குழுவில் வந்த போட்டோக்களில் அது இல்லாத வண்டி எது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

"அது காடு சார், ஏரி சரணாலயம் இல்லையே" என்று வக்கீலுக்குப் படித்த ஒருவர் வருவார் என்று தெரியும். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் என் கோபமும். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் குப்பை கொட்டாதே, கழிவுநீர் விடாதே, கட்டடம் கட்டாதே, வேட்டையாடாதே என்கின்றன. சக்கரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதைவிட மோசம், பாசனத்துக்காக வெட்டிய ஏரிகளை ஈரநிலம் என்ற விளக்கத்திலிருந்தே விலக்கி வைத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் எந்த ஏரி பாசனத்துக்கு வெட்டாத ஏரி? பாட்டன் பூட்டன் கூடை கூடையாக மண் சுமந்து கட்டிய கரை, அந்தக் காரணத்தாலேயே பாதுகாப்பு இழந்து நிற்கிறது. ஆனாலும் ஏரிப் புறம்போக்கு உங்கள் மாமனார் வீட்டுக் களம் அல்ல. பெரிய ஏரி நீர்வளத் துறையுடையது, 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. அவர்களில் யாரிடமாவது எழுதிக் கேட்டீர்களா?

வெளிநாட்டில் சதுப்பிலேயே ஓட்டவிடுகிறார்கள் என்று ஒரு வீடியோவும் போட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பிக் சைப்ரஸ் அது. உண்மைதான், ஓட்டவிடுகிறார்கள். எப்படி என்பதையும் படியுங்கள். ஏழு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். ஆளாளுக்குக் கண்ட இடத்தில் ஓட்டிச் சதுப்பு முழுக்கத் தடமாகிப்போன பிறகு, 2000த்தில் ஒரு திட்டம் போட்டார்கள். ஆண்டுக்கு 2,000 அனுமதிக்கு மேல் கிடையாது. வண்டியை நேரில் சோதித்த பிறகே அனுமதி. குறித்த தடத்தை விட்டு விலகக்கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. ஆண்டுக்கு 60 நாள் அடைப்பு. வண்டிக்கு என்ன தகுதி என்ற கேள்வி அங்கே இத்தனைக்கும் பிறகு வருகிறது. நீங்கள் அதில் டயரை மட்டும் காப்பி அடித்திருக்கிறீர்கள். தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து விடையை மட்டும் எழுதி, கணக்கின் படிகளை விட்டவனுக்கு நான் எத்தனை மதிப்பெண் போடுவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டு நிலையையும் பாருங்கள். 2022ல் கேரளத்து வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்த ஆஃப் ரோடு ஓட்டத்தில் கலந்துகொண்ட பிரபல நடிகர், மோட்டார் வாகனத் துறையில் 5,000 ரூபாய் அபராதம் கட்டினார். அது தனியார் தோட்டம். அதே ஆண்டு லடாக்கின் பாங்காங் ஏரித் தண்ணீருக்குள் கார் ஓட்டிய வீடியோவைப் பார்த்து நாடே திட்டியது. திட்டியவர்களில் நம் குழுவினரும் உண்டு. பாங்காங் என்றால் பாவம், பக்கத்து ஏரி என்றால் ஜாலியா?

வற்றிய ஏரி என்பது காலி மைதானம் அல்ல. அந்த வெடித்த களிமண்ணுக்குள் அடுத்த மழைக்கு முளைக்க வேண்டிய கோரை விதை இருக்கிறது, நத்தை இருக்கிறது, தவளை இருக்கிறது. மேலே ஆட்காட்டிக் குருவி கூடு என்று எதையும் கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவில் வெறுந்தரையில் வழக்கமாக நாலு முட்டை வைக்கும். ஒரு அடி தூரத்தில் நின்றாலும் நமக்குத் தெரியாது, ஜீப்புக்குள் உட்கார்ந்தவருக்கு எங்கே தெரியும்? நாம் போனால் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றும், அதைத்தான் ஒருவர் "பறவைகள் வரவேற்பு" என்று ரீல் போட்டிருந்தார்! காவிரி மணல் திட்டில் கோடையில்தான் முதலை முட்டையிடுகிறது, ஆற்று ஆலாவும் முட்டையிடுகிறது. நீர்நாயும் லெய்த் மென்னோட்டு ஆமையும் வாழ்கிற கரை என்பதும் அந்தச் சரணாலயங்களுக்கு ஒரு காரணம். நீங்கள் குறித்திருக்கிற மாதமும் அதுவே.

மண்ணைப் பற்றி உங்கள் அப்பாவைக் கேளுங்கள். ஈரம் இருக்கும்போது ராகிக் கொல்லைக்குள் டிராக்டரை விடுவாரா? விட்டால் மண் இறுகிப் பாறையாகிவிடும் என்று திட்டுவார். ஒன்றே முக்கால் டன் வண்டி, பதினைந்து வண்டி, ஒரே சேற்றில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் அந்தத் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகும். கரை மேல் ஏறி இறங்கினால் கரையே போகும்.

இதெல்லாம்கூடப் பிறகு. எனக்குத் தூக்கம் வராத விஷயம் யானை. ராகி முற்றும் காலத்தில் பன்னர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று கூட்டம் இறங்குவது நம் எல்லோருக்கும் தெரியும். பகலில் காட்டில் நின்றுவிட்டு, பொழுது சாய்ந்தால் தண்ணீருக்கு ஏரிக்கு வரும். அந்த நேரத்தில் கூரை மேல் எட்டு விளக்கு கட்டிய வண்டி எதிரே நின்றால் அது எங்கே போகும்? பக்கத்துக் கொல்லைக்குள்தான். அங்கே பரண் மேல் ஒரு கிழவர் டார்ச்சும் தகரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் வின்ச் போட்டு வெளியே வந்து, சூளகிரியில் டீ குடித்து, வீட்டுக்குப் போய்விடுவீர்கள். மிரண்ட யானைக்கு முன்னால் நிற்கப் போவது அவர். என்னிடம் படித்தவர்களில் எத்தனை பேருடைய அப்பாக்கள் இன்றும் அந்தப் பரணில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

"கெலவரப்பள்ளி அணையில் ஆளுயரத்துக்கு நுரை பொங்குது, அதை விட்டுட்டு எங்களைப் பிடிக்கிறீங்களே மாமா" என்று என் தங்கை மகன் எழுதியிருந்தான். பெங்களூரின் சாக்கடை தென்பெண்ணையில் வருவது அநியாயம், சந்தேகமில்லை. மனு எழுது, முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் மேலே இருப்பவன் ஆற்றைக் கெடுக்கிறான் என்பதற்காகக் கீழே இருப்பவன் ஏரியைக் கெடுக்கலாமா? கே.ஏ. வண்டிக்காரர்கள்தான் அதிகம் என்ற சமாதானமும் வேண்டாம். போட்டோவில் டி.என். 70ம் டி.என். 24ம் பளிச்சென்று தெரிகிறது.

விவசாயி வண்டல் எடுக்க டிராக்டர் இறக்குகிறாரே என்பீர்கள். அவர் அனுமதி வாங்கி, சொன்ன இடத்தில் அள்ளுகிறார். ஏரி ஆழமாகிறது. உங்களால் ஏரிக்கு என்ன ஆகிறது?

ஓட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடும் உரிய அனுமதியோடும் தடம் போட்டு ஓட்டுங்கள். கைதட்ட நானும் வருகிறேன். ஏரிகளுக்குள் பொழுதுபோக்கு வண்டிகள் இறங்கக்கூடாது என்று மாவட்ட ஆட்சியர் உத்தரவு போட வேண்டும் என்று ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள், விருப்பமில்லாதவர்கள் காரணத்தை எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரை முனீஸ்வரன் கோயில் பக்கம் இருப்பேன். ஜீப்பைத் தார் ரோட்டிலேயே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், ஆட்காட்டி முட்டையைத் தூரத்திலிருந்து காட்டுகிறேன். பைனாகுலர் என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, வைத்திருப்பவர்கள் எடுத்து வரவும்.